டெனிசுக்குப் போர்த்த பொன்னாடை

இப்பத்தைய சனம் தேவை இல்லாமல் போன் அடிக்காது. அடித்தாலும் நேரே விஷயத்துக்கு வராது. சுகமோ, சாப்பிட்டாச்சோ, முழங்கால் நோ எப்பிடி என்று பத்து நிமிடம் எண்ணெய் பூசிவிட்டுத்தான் கேட்க வந்ததைக் கேட்கும். காரியம் முடிந்தால் வாட்ஸ்அப்பில் கும்பிடுகிற கைப்படம் ஒன்று வரும். அதோடு சரி. செத்தவீட்டுக்கும் அந்தக் கைப்படத்தைத்தான் அனுப்புகிறார்கள். என் மனைவி வசந்தமலர் போய் ஆறு வருடம். அப்போது எனக்கு வந்த கைப்படம் நூற்றுக்கு மேல். வீட்டுக்கு வந்து, இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்களை எண்ண ஒரு கை விரலே போதும்.

ஆனபடியால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி அடித்தபோது நான் எழும்பவில்லை. ஹவுன்ஸ்லோவில் என் வீட்டு மணியை அடிக்கிறவன் ஒன்றில் பார்சல்காரன், அதுவும் பக்கத்து வீட்டுப் பார்சல். இல்லாவிட்டால் யேசு வருகிறார் என்று சொல்ல வருகிறவன்.

கடிதம் போடுகிற ஓட்டைக்குள்ளால் ஒரு குரல் வந்தது.

"சண்முகராசா அண்ணை, உங்கட ரீவி கத்திறது றோட்டு மட்டும் கேக்குது. திறவுங்கோ. நான் கிளறிற்றா."

கிளறிற்றா மன்னார்ப் பிள்ளை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற கொம்பனி ஒன்றில் நான் இருபத்தாறு வருடம் நின்றவன். அங்கே கடைசி ஏழு வருடம் இவள் என்னோடு ஒரே லைனில் நின்றாள். நான் பென்சன் எடுத்து வந்துவிட்டேன். அவள் இன்னும் அங்கேதான். சேர்ச்சில் பூசை முடிந்து நேரே வந்திருக்கிறாள். கையில் மீன் ரோல்ஸ் பெட்டி. பெட்டியைக் கண்டதும் விளங்கிவிட்டது, இது சின்னத் தேவை இல்லை.

"என்ன வேணும்? அதை முதல் சொல்லு. சுகம் பிறகு விசாரிக்கலாம்."

"நீங்கள் கொஞ்சமும் மாறேல்லை அண்ணை." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நான் கொம்பனிக்கு எதிரா வழக்குப் போட்டிருக்கிறன். நிறத்தைப் பாத்துத்தான் என்னை லீடர் ஆக்கேல்லை எண்டு. அடுத்த மாசம் குரோய்டனிலை விசாரணை. நீங்கள் வந்து சாட்சி சொல்லோணும்."

லீடர் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. லைனில் இருபது பேர் நின்று தட்டு அடுக்குவோம். லீடர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு லிஸ்ற் பார்ப்பான். ஆனால் அங்கேதான் படி தொடங்குகிறது. நீலச் சட்டை போடாதவன் இடுப்பு நாரி முறியுமட்டும் தட்டு அடுக்க வேண்டியதுதான். அந்தச் சட்டை யாருக்கு என்று போர்டில் அறிவித்தல் போட்டதே இல்லை. ஒரு திங்கட்கிழமை ஒருவன் நீலத்தில் வந்து நிற்பான். அதுதான் அறிவித்தல்.

"இந்த முறை ஆர்?" என்று கேட்டேன்.

"வந்து எட்டு மாசம். வெள்ளைப் பெடியன். நான்தான் வேலை பழக்கினது."

நான் பழக்கி எனக்கு மேலே போனவர்கள் ஏழு பேர். கடைசி ஆள் டோமாஸ், லித்துவேனியாக்காரன். நல்ல பெடியன், பொய் சொல்லக்கூடாது. வரும்போது அவனுக்கு இங்கிலீசு ஒரு சொல் தெரியாது. தட்டு, தள்ளுவண்டி, மூடி, சீல் எல்லாவற்றுக்கும் இங்கிலீசு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கிட்ட இங்கிலீசு படித்தான் என்றால் பாருங்கோ. ஒரு வருடத்தில் அவன் லீடர். அப்போது மனேஜர் டெனிஸ். எனக்கு ஏன் இல்லை என்று போய்க் கேட்டேன். தோளில் கை போட்டு, "உனக்கு இங்கிலீசு காணாது, ராஜா. அதோடு நீ இல்லாவிட்டால் லைன் நின்றுவிடும்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் எப்போதும் சிரிப்பான்.

"நான் வரமாட்டன் பிள்ளை," என்றேன். "எங்கட சனத்தை நம்பிப் போகேலாது. முந்தி ஒருக்கா பன்னிரண்டு பேர் கையெழுத்து வைச்சு ஒரு கடிதம் குடுக்கப் போனம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் ஒம்பது பேர் தங்கட பேரை வெட்டிப்போட்டினம். மிச்ச மூண்டு பேரும் ஒரு மாசம் குளிர்அறையிலை நிண்டம். நீ ரோல்ஸைக் கொண்டு போ."

"ரோல்ஸ் உங்களுக்குத்தான். வந்தாலும் வராட்டிலும்." பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "இதையும் பாருங்கோ. கொம்பனிக்காரர் தங்கட பக்கத்துக்குக் குடுத்த கடதாசி."

கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். டெனிசுக்கு நாங்கள் கொடுத்த வாழ்த்துமடல்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தியது. டெனிஸ் பென்சனில் போகிறான் என்றதும் எங்கள் ஆட்கள் கூடிவிட்டார்கள். கன்ரீனில் விழா. பொன்னாடை, மாலை, பிரேம் போட்ட வாழ்த்துமடல், டெனிசுக்கு ஒன்று, கொம்பனிச் சுவருக்கு ஒன்று. எழுதியது எங்களோடு வேலை செய்த யோகராஜா; கலியாணம், சாமத்தியவீடு, அறுபதாம் கலியாணம் எல்லாவற்றுக்கும் அவன்தான் எழுதுவான். யாருக்கு எழுதினாலும் ஒரே எழுத்துத்தான், பெயர் மட்டும் மாறும். "நிறம் பாராத நெஞ்சினரே, எம்மைப் பெற்றெடுக்காப் பெருந்தந்தையே" என்று தொடங்கும். அடியில் கொம்பியூட்டர் மொழிபெயர்த்த இங்கிலீசு. அதற்கும் கீழே இருபத்தேழு தமிழரின் கையெழுத்து. முதலாவது என்னுடையது.

"உது இண்டைக்கும் றிசெப்சன் சுவரிலை தொங்குது," என்றாள். "நிறம் பாக்கிற இடம் எண்டால் இருபத்தேழு தமிழர் ஏன் இப்பிடி எழுதிக் குடுத்தவை எண்டு கேக்கினம். என்ர லோயர் சொல்லுறா, வேறை எல்லாத்துக்கும் மறுமொழி இருக்காம். இதுக்குத்தான் இல்லையாம்."

"மற்ற ஆக்களைக் கேட்டனியோ?"

"ஞானேஸ்வரன் அண்ணை போன் எடுக்கேல்லை. இன்னும் ஆறு பேரைக் கேட்டன், ஒருத்தரும் மாட்டினமாம். சாட்சிக்கு வாறது ஹோதான் மட்டுந்தான்."

ஹோதான் அங்கே வேலை செய்கிற சோமாலியாப் பெண். எங்கள் ஆட்கள் அவர்களுக்கு வைத்திருந்த பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். கன்ரீனில் நாங்கள் ஒரு மேசை, அவர்கள் ஒரு மேசை. வெள்ளைக்காரன் எங்களைத் தள்ளி வைத்தான் என்று அழுகிற நாங்கள் எங்கள் மேசையில் அவர்களுக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டதில்லை. நானும்தான்.

கிளறிற்றா எழும்பினாள். "நான் கும்பிட்டுக் கேக்கேல்லை அண்ணை. முதல் கையெழுத்து உங்கட. அது பொய்யோ மெய்யோ எண்டதை மட்டும் வந்து சொல்லுங்கோ." போய்விட்டாள்.

அவள் போனபிறகு தாளைத் திருப்பி வைத்தேன். திரும்பவும் எடுத்தேன். பின்னேரம் யோகராஜாவுக்குப் போன் அடித்தேன். முப்பது வருடச் சிநேகிதன். ரெய்னர்ஸ் லேனில் பெரிய வீடு.

"உனக்கு விசரேடா ராசா? அது சம்பிரதாயம். வாழ்த்துமடலிலை ஆர் உண்மை எழுதுறது?"

"அதைத்தான் அங்கை போய்ச் சொல்லலாம் எண்டு பாக்கிறன்."

"சொல்லி? வெள்ளைக்காரனுக்கு முன்னாலை இருபத்தேழு தமிழரைப் பொய்யர் ஆக்கப் போறியோ?"

"புதுசா ஆக்கத் தேவையில்லை."

"யோக்கியன் மாதிரிக் கதையாதை. போர்த்தது நீ. போட்டோவிலை உன்ர பல்லு முப்பத்திரண்டும் தெரியுது. அவள் வேதக்காரி, மன்னாராள். காரியம் முடிஞ்சால் உன்னை ஆரெண்டும் கேக்க மாட்டாள்."

"இருக்கலாம். ஆனால் அவள் வந்து மணி அடிச்சவள். ஆறு வருசத்திலை நீ அடிச்சனியோ?"

அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நானும் அடிக்கவில்லை.

நான் குரோய்டனுக்குப் போனது சமத்துவம் என்ற கண்டறியாத சொல்லுக்காக இல்லை. அது மேடையில் பேசுகிறவனுக்கு. ஒரு பொய்க்கு அடியில் முதல் ஆளாக என் பெயர் பன்னிரண்டு வருடமாகச் சுவரில் தொங்குகிறது. அதைக் காட்டி இன்னொருத்தியின் காலை வாருகிறார்கள். அது எனக்கு நித்திரை தரவில்லை. அவ்வளவுதான்.

குரோய்டனில் ரெயினால் இறங்கியதும் அந்தப் பெரிய கட்டடம் கண்ணில் பட்டது. எண்பத்தொன்பதில் அகதி என்று பதிய அங்கேதான் மழைக்குள் வரிசையில் நின்றேன். அப்போதும் விளங்காத கடதாசியில்தான் கையெழுத்து வைத்தேன். கையெழுத்து வைத்தே என் காலம் போய்விட்டது.

விசாரணை அறை பள்ளிக்கூட வகுப்புப் போலத்தான். முன்னுக்கு மூன்று பேர். நடுவில் இருந்த வெள்ளைக்கார அம்மாதான் நீதிபதி. கொம்பனிக்காக வாதாடியது எங்கள் நிறப் பிள்ளை. முப்பது வயது வராது. குஜராத்திப் பெயர், இறுக்கிக் கட்டிய தலைமயிர், வெள்ளைக்காரி தோற்கிற இங்கிலீசு. இவளும் உயர்ந்து வந்தவள்தான், எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பார் என நினைத்தேன். எனக்கு மொழிபெயர்க்க ஒரு தமிழ்நாட்டுப் பெண் இருந்தாள்.

"ஐயா, பயப்படாம பேசுங்க."

"நான் பயப்பிடேல்லை பிள்ளை. கதிரைதான் ஆடுது."

கொம்பனி லோயர்ப் பிள்ளை தாளைக் காட்டினாள். இது உங்கள் கையெழுத்தா? ஓம். முதலாவது? ஓம், மூத்தவன் நான்தான். சால்வை போர்த்தியதும் நீங்களா?

"ஓம். ஆள் உயரம், எட்டேல்லை. கதிரையிலை ஏறிப் போர்த்தனான்."

பின்னுக்கு யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. டெனிஸ் நிறம் பார்க்காதவர் என்று அன்று எழுதினீர்கள், பார்த்தார் என்று இன்று சொல்கிறீர்கள். அன்று பொய்யா, இன்று பொய்யா?

மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க முதல் என் இங்கிலீசிலேயே சொன்னேன். "தட் டே லை."

கிளறிற்றா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயதில், தெரியாத சனத்துக்கு நடுவில், நான் பொய்யன் என்று சொல்வது ஒரு மாதிரித்தான் இருந்தது. சட்டை இல்லாமல் நிற்கிறது போல.

"ஏன் பொய் சொன்னீர்கள்?"

இதைத் தமிழில் சொன்னேன். "எங்கட ஆக்கள் பொன்னாடை போர்த்திறது நல்லவனுக்கில்லை. எங்கட சாவி ஆற்றை கையிலையோ அவனுக்கு. மந்திரிக்குப் போர்த்துவம். பொலிஸ் பெரியவனுக்குப் போர்த்துவம். டெனிசின்ரை கையிலை எங்கட ஷிப்ட் இருந்தது."

அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. உடனே பிடித்தாள். "ஆனால் அவர் அன்றோடு ஓய்வு பெறுகிறார். இனி அவரால் உங்களுக்கு என்ன செய்ய முடியும்? எதற்குப் பயம்?"

"போறவனுக்கு ஆர் பயந்தது? அடுத்த மனேஜர் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தவன்."

அவள் தாளைப் பார்த்தாள். மற்றத் தாளைப் பார்த்தாள். பிறகு இருந்துவிட்டாள்.

நீதிபதி அம்மா பேனையை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "அப்படியானால் உண்மையிலேயே நல்லவர் ஒருவரை உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்?"

இப்படிக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை.

"ஒண்டும் எழுத மாட்டம். வீட்டை கூப்பிட்டுச் சாப்பாடு போடுவம்."

"டெனிசை யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டீர்களா?"

"பத்தொம்பது வருசம் எங்களுக்கு மனேஜர். இருபத்தேழு வீடு. ஒருத்தரும் கூப்பிடேல்லை."

மூன்று பேரும் எழுதினார்கள். போகலாம் என்றார்கள்.

அறைக்கு வெளியில் வாங்குப் பலகையில் ஹோதான் தன் முறைக்குக் காத்திருந்தாள். பக்கத்தில் இருந்தேன். பிளாஸ்கில் இருந்து ஏலக்காய் போட்ட தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். கேட்கவில்லை, தந்தாள். ஏதாவது கதைக்க வேண்டுமே என்று, "நீ மூன்றாம் லைன்தானே?" என்றேன்.

"நாலாம் லைன். பதினொரு வருடம் உனக்கு முதுகுப்பக்கம் நின்றேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ரெய்னர்ஸ் லேனில் கடைக்குப் போனேன். மடலில் கையெழுத்து வைத்த ஞானேஸ்வரனும் இன்னொருவரும் மரக்கறிப் பக்கம் நின்றார்கள். என்னைக் கண்டதும் முருங்கைக்காயைத் தெரிந்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு முருங்கைக்காயை அவ்வளவு நேரம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் கைப்படம் வருவதும் நின்றுவிட்டது. தைப்பொங்கலுக்குக்கூட ஒன்றும் வரவில்லை. பெருசாக ஒன்றும் இழக்கவில்லைத்தான். ஆனாலும் நாளுக்கு நாலு தரம் போனை எடுத்துப் பார்த்தேன், அது வேலை செய்கிறதா என்று.

விசாரணை முடிந்து பத்தாவது கிழமை கிளறிற்றா போன் அடித்தாள். சுகம் விசாரிக்கவில்லை. "வெண்டிட்டம் அண்ணை," என்றாள். கொம்பனிக்காரர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லையாம். இவளை லீடர் ஆக்கிவிட்டார்களாம். இனி எந்த இடம் வெறுமையானாலும் போர்டில் அறிவித்தல் போட்டு, விண்ணப்பம் வாங்கி, நேரில் கேள்வி கேட்டுத்தான் எடுப்பார்களாம்.

"நம்பாட்டில் வந்து பாருங்கோ. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியும்."

நம்பாதபடியால்தான் போனேன். கேற்றில் நின்றேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தச் சாப்பாட்டு மணம். நீலச் சட்டையோடு வந்தாள். சட்டை அவளுக்குக் கொஞ்சம் பெரிது. காவல்காரனிடம் சொல்லி என்னை உள்ளே கூட்டிப்போனாள். றிசெப்சன் சுவரில் பிரேம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. கன்ரீன் வாசலில் போர்டு. அதில் உண்மையாகவே அறிவித்தல். இரண்டாம் லைனுக்கு லீடர் தேவை. நேர்முகத்துக்குக் கூப்பிட்ட ஆறு பேரின் பெயர் அதில் அடித்திருந்தது. ஹோதானின் பெயர் மூன்றாவது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர்.

"ஹோதானுக்குச் செவ்வாய்க்கிழமை. நாலு நாளா ஷிப்ட் முடிய இதிலை இருந்து பழக்கிறன். என்ன கேப்பினம், என்ன சொல்லோணும் எண்டு. மற்ற அஞ்சு பேரையும் வரச் சொன்னன். ரெண்டு பேர் வருகினம்."

"எங்கட ரெண்டு பேரும்?"

"ஒராள் வருகுது. மற்றவர் வெக்கப்படுறார், பொம்பிளையிட்டைப் பழகிறதோ எண்டு."

"தெரிஞ்செடுக்கிறது ஆர்?"

"மூண்டு பேர்."

"ஆர் அந்த மூண்டு பேர்?"

"மனேஜர். ஒப்பீசிலை இருந்து ஒரு ஆள். மற்றது நான்."

"அப்ப ரெண்டுக்கு ஒண்டு."

"முந்தி மூண்டுக்கு ஒண்டும் இல்லையே அண்ணை."

"ரெண்டு கை ஒரு பக்கம் தூக்கினால் உன்ர கை என்ன செய்யும்?"

"தூக்கி வைச்சிருக்கும். ஏன் எடுக்கேல்லை எண்டு எழுதித் தா எண்டு கேக்கும். எழுதோணும், இப்ப அதுதான் விதி."

"எழுதுவான். இங்கிலீசு காணாது எண்டு எழுதுவான்."

"எழுதட்டும். அந்தக் கடதாசியையும் கொண்டு குரோய்டனுக்குப் போவன்." சிரித்தாள். களைத்த சிரிப்பு. கன்ரீனுக்குள் ஹோதான் ஒரு கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள், பக்கத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே மேசை. "வந்து இருங்கோவன். நீங்கள் மனேஜர் மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு கேள்வி கேளுங்கோ. உங்களுக்கு நடிக்கத் தேவையில்லை."

"எனக்குப் பஸ் இருக்கு," என்றேன்.

"பஸ் எட்டு நிமிசத்துக்கு ஒண்டு அண்ணை."

"தெரியும்."

அவள் பிறகு கேட்கவில்லை. உள்ளே அவளைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

கேற்றுக்கு வெளியே காற்று முகத்தில் அடித்தது. மேலே விமானம் ஒன்று தாழப் போனது. ஒரு போர்டு, ஆறு பெயர், ஒரு நீலச் சட்டை. செவ்வாய்க்கிழமை ஹோதானை எடுப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எடுத்தாலும் அடுத்த வருடமும் அந்தப் போர்டு இருக்கும் என்று நம்பிக்கை இல்லை. வந்து காணாமல் போன புது விதிகள் முன்னும் நிறையக் கண்டவன் நான். தொப்பியைக் காது மூட இழுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.